லெஃப்ட் இருக்க போர்ட் எதற்கு?

கப்பலின் இடது பக்கம் போர்ட், வலது பக்கம் ஸ்டார்போர்ட். லெஃப்ட், ரைட் என்று எல்லாருக்கும் தெரிந்த சொற்கள் இருக்கும்போது இவை எதற்கு?

லெஃப்ட் என்பது ஆள் திரும்பினால் கூடவே திரும்பிவிடும். போர்ட் கப்பலுக்குச் சொந்தம். முன்முனையைப் பார்த்து நின்றால் எது இடப்பக்கமோ அதுதான் போர்ட். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாறாது. படகுப் போட்டிகளில் துடுப்பு வலிப்பவர்கள் பின்முனையைப் பார்த்து உட்காருவார்கள். அவர்களுக்கு போர்ட் வலக்கைப் பக்கம். எதிரே உட்கார்ந்து வழிகாட்டுபவர் 'லெஃப்ட்' என்று கத்தினால் யாருடைய லெஃப்ட்?

ஸ்டார்போர்டுக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. பழைய கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது; 'ஸ்டியர்' செய்யும் பக்கம் என்பதே பொருள். இடப்பக்கத்துக்கு முதலில் லார்போர்ட் என்று பெயர். காற்றிலும் அலையிலும் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுந்தால் என்ன ஆகும்! 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு போர்ட்டை ஏற்றது. இந்தப் போட்டியில் போர்ட் ஜெயித்தது நியாயம்தான்.

ஆனால் போர்ட், ஸ்டார்போர்ட் என்றாலே குழப்பம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1912-ல் டைட்டானிக்கில் 'ஹார்ட் எ ஸ்டார்போர்ட்' (ஸ்டார்போர்ட் பக்கம் முழுக்க) என்று உத்தரவு போட்டார்கள், கப்பல் இடப்பக்கம் திரும்பியது. யாரும் தப்பு செய்யவில்லை. கப்பலைத் திருப்பும் சுக்கானோடு இணைந்த கட்டையை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் போகும். கட்டைக்குப் பதில் சக்கரம் வந்த பிறகும் உத்தரவு மட்டும் கட்டையின் கணக்கிலேயே நின்றுவிட்டது. பிரிட்டனில் 1933-ல்தான் இதை மாற்றினார்கள்.

அமெரிக்கக் கடற்படையில் சுக்கான் உத்தரவுகளுக்கு லெஃப்ட், ரைட்தான். எனக்கு அதில் குறை தெரியவில்லை. சுக்கான் பிடிப்பவர் முன்னால் பார்த்துத்தானே நிற்கிறார்? விமானிகளுக்கும் 'டர்ன் லெஃப்ட்' என்றுதான் சொல்கிறார்கள், இடது இறக்கையில் கப்பலைப் போலவே சிவப்பு விளக்கு இருந்தாலும். (ஸ்டார்போர்டுக்குப் பச்சை.)

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'டு போர்ட்', 'ஆன் த போர்ட் ஸைட்' என்றால் இடப்பக்கம். 'இன் போர்ட்' என்றால் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது. அப்புறம், காருக்கு இந்தச் சொற்கள் வேண்டாம். அங்கே லெஃப்ட் போதும்.