செல்போன் கடையில் நான் சொன்ன ஐந்து ஓடிபி

கடை பெயரையும் பைனான்ஸ் கம்பெனி பெயரையும் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். பொண்ணுக்குப் போன் வாங்கப் போன கடையில் எனக்கே தெரியாமல் என் பெயரில் இன்னொரு கடன் போட்டுவிட்டார்கள், அந்த விவகாரம் இன்னும் போலீஸில் இருக்கிறது, அதனால் சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்தும் பெரிய உபயோகமில்லை, இந்த மாதிரி பைனான்ஸ் மேசை எல்லா ஊர்க் கடையிலும் போட்டிருக்கிறார்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினேழு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கம்பெனிக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால்கூட ராத்திரி தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் பெயரிலேயே ஒரு கடன் எட்டு மாதமாக வட்டியும் அபராதமுமாக வளர்ந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

2025 ஏப்ரலில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டலாம் என்று வங்கியில் கடன் கேட்கப் போனேன். மேனேஜர் அம்மா பேப்பரையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, "சார், உங்க பேர்ல ஒரு கன்ஸ்யூமர் லோன் கட்டாம நிக்குதே, தெரியுங்களா?" என்றார். ஒரே ஒரு போன் லோன்தான் மேடம் இருக்கு, அது மாசாமாசம் போயிட்டிருக்கு என்றேன். அவர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். சிபில் ரிப்போர்ட்டில், அதாவது நம் கடன்களை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் ரிப்போர்ட்டில், மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், ஒழுங்காகக் கட்டினால் அதில் 000 என்று வரும். ஒரு கடனில் எல்லாம் 000. அதற்குக் கீழே இன்னொரு கடன், வேறொரு கம்பெனி, 41,999 ரூபாய், கட்டங்களில் 029, 060, 090 என்று ஏறிக்கொண்டே போகிறது. தவணை தவறிய நாள் கணக்கு அது. இரண்டு கடனும் தொடங்கிய தேதி ஒன்றேதான்.

தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

2024 ஆடித் தள்ளுபடி சமயம், பொண்ணு காலேஜ் சேர்ந்திருந்தாள், அவளுக்கு 18,499 ரூபாய்க்கு ஒரு போன். கடைக்குள்ளேயே மூன்று நான்கு பைனான்ஸ்காரர்களுக்கு மேசை இருந்தது, எல்லாவற்றையும் ஒரே பையன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல மரியாதையான பையன், லெமன் ஜூஸ் எல்லாம் வாங்கிக் கொடுத்தான். ஆதார், பான் இரண்டையும் அவன் போனில் படம் எடுத்தான். ஓடிபி கேட்டான், சொன்னேன். "சர்வர் கட் ஆயிருச்சுங்ணா, இன்னொருக்கா வரும், சொல்லுங்ணா" என்றான், சொன்னேன். போட்டோ எடுத்தான், "லைட் பத்தலைங்ணா, இப்படித் திரும்புங்க" என்று இன்னொன்று எடுத்தான். அப்புறம், "இந்த பேங்க்ல மேண்டேட் ஏற மாட்டேங்குது, வேற அக்கவுண்ட் கார்டு இருக்குங்களா?" என்றான். மாசத் தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ள வங்கிக்குக் கொடுக்கும் அனுமதிதான் மேண்டேட். பர்ஸில் பழைய கம்பெனி சம்பள அக்கவுண்ட் கார்டு சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். மொத்தம் ஐந்து ஓடிபி. ஒவ்வொரு தடவையும் நம்பரை மட்டும்தான் பார்த்தேன், அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன எழுதியிருந்தது என்று ஒரு தடவைகூடப் படிக்கவில்லை, பொண்ணு பக்கத்தில் நின்று கவர் எந்தக் கலரில் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் செய்தது இதுதான். முதல் கடன் நிஜம். அது முடிந்த கையோடு, அதே ஆதார், அதே பான், என் இன்னொரு போட்டோ, அந்தப் பழைய அக்கவுண்ட் எல்லாவற்றையும் வைத்து வேறொரு கம்பெனியில் என் பெயரில் இரண்டாவது கடன் போட்டு, ஒரு விலை உயர்ந்த போனுக்கு பில் போட்டுவிட்டான். விண்ணப்பத்தில் செல் நம்பர் மட்டும் என்னுடையதில்லை. ஆதார் ஓடிபி எனக்கு வரும், அதை நானே வாசித்துக் கொடுத்தேன். கடன் கொடுத்தாயிற்று என்ற செய்தி, தவணை நினைவூட்டல், கட்டச் சொல்லி வரும் போன் எல்லாம் அவன் கொடுத்த நம்பருக்குப் போய்விட்டன.

அறிகுறியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய அக்கவுண்டிலிருந்து மாசம் ஒரு தடவை பணம் போதவில்லை என்று மெசேஜ் வந்திருக்கிறது, மினிமம் பேலன்ஸ் தொல்லை என்று தள்ளிவிட்டேன். என் ஆதாரில் பழைய வாடகை வீட்டு முகவரிதான் இன்னும் இருந்தது. அந்த வீட்டுக்கார அக்கா பொங்கல் சமயம் போன் பண்ணி, "கண்ணு, உன்னைத் தேடிட்டு ரெண்டு பேர் பைக்ல வந்தாங்க" என்றார்கள். சீட்டுக் கம்பெனி ஆளாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சரி, ஏமாந்தது என் கவனக்குறைவு. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பைனான்ஸ் கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினால், முதலில் லோன் எடுத்தவரின் பதிவு செய்த நம்பரிலிருந்து பேசுங்கள் என்கிறார்கள். அந்த நம்பர் திருடனிடம் இருக்கிறது, அதைத்தானே நான் சொல்ல வந்தேன்! மெயில் போட்டேன். நான்கு நாள் கழித்து, ஓடிபி சரிபார்ப்புக்குப் பிறகே கடன் வழங்கப்பட்டது, புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று பதில். லோக்கல் பிராஞ்சுக்கு நேரில் போனால் அங்கிருந்தவர் விண்ணப்பத்தைத் திறந்து காட்டி, "போட்டோவுல இருக்கறது நீங்கதானே சார்?" என்கிறார். நான்தான். அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, பின்னால் கடையின் ஆடி ஆஃபர் பேனர், கையில் லெமன் ஜூஸ் டம்ளர்கூடத் தெரிகிறது.

அந்த வாரமே ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு கலெக்‌ஷன் ஏஜென்ட் கூப்பிட்டான். பிராஞ்சில் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன் அல்லவா, அதற்குப் பலன். அபராதத்தோடு 57,000 ஆகிவிட்டது, நீங்கள் 25,000 கட்டினால் செட்டில் பண்ணி முடித்துவிடலாம், சிபில் சரியாகிவிடும் என்றான். உண்மையைச் சொல்கிறேன், கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். மாடி வேலைக்குக் கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. என் மனைவிதான், "வாங்காத கடனுக்கு ஒரு ரூபா கட்டினாலும் நீங்க வாங்கினதா ஆகிருமுங்க" என்று நிறுத்தினாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒரு தவணை கட்டினாலும் கடனை ஏற்றுக்கொண்ட மாதிரி பேசுவார்கள். அதோடு, பாதித் தொகை கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். கடன் முழுசாக அடைந்தது என்பதும் செட்டில்டு என்பதும் ஒன்றில்லை, செட்டில்டு என்று பார்த்தாலே அடுத்த வங்கிக்காரர் முகம் சுளிப்பார். அந்த ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, இந்த கால் ரெக்கார்ட் ஆகிறது என்றேன். போனை வைத்துவிட்டான்.

போலீஸ். கடை இருக்கும் எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனுக்குப் போனால் இது சைபர் கிரைம் என்றார்கள். சைபர் கிரைமில், ஆள் நேரில் உட்கார்ந்து ஏமாற்றியிருக்கிறான், லோக்கல் ஸ்டேஷனுக்குப் போங்கள் என்றார்கள். ஒரு நாள் லீவு அதிலேயே போயிற்று. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் போட்டேன். அது அக்கவுண்டிலிருந்து பணம் போன உடனே கூப்பிட்டால்தான் பிரயோஜனம், போகிற பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். எட்டு மாதம் கழித்து நிறுத்த என்ன இருக்கிறது? ஆனாலும் தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகாரைப் பதிந்து எண்ணை வாங்கிவைத்தேன், பின்னால் எல்லா மனுவிலும் எழுத அது உதவியது.

எங்கள் கம்பெனிக்கு வரும் ஆடிட்டர் ஒருவர்தான் வழி சொன்னார். வாயால் சொல்லிக்கொண்டு அலையாதீர்கள், எழுதிக் கொடுங்கள், வாங்கினதற்குச் சீட்டு வாங்குங்கள் என்றார். புகாரை இரண்டு பக்கத்துக்குள் தேதிவாரியாக எழுதி லோக்கல் ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆர். கேட்டேன். முனகிக்கொண்டே போட்டார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கு ரசீது, அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டு கேஸ் போட்டாயிற்று என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். வேறு. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 173வது பிரிவு இருக்கிறது. ஸ்டேஷனில் பதிய மறுத்தால் அதே புகாரை மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்று அதில் இருக்கிறது. பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு, கமிஷனர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பத்தாவது நாள் கூப்பிட்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி இரண்டு பிரிவிலும் எஃப்.ஐ.ஆர். ஆனது. ஒன்று அடையாளத் திருட்டு, இன்னொன்று ஆள்மாறாட்ட மோசடி, இரண்டுக்கும் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. இந்தச் சட்ட வழக்குகளை இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது, அதனால்தான் சின்ன ஸ்டேஷன்களில் கையை விரிக்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது.

கேஸைத் தூக்கி நிறுத்தியது எது தெரியுமா? ஒரு பழைய மெயில். ஆதாரில் மெயில் முகவரி சேர்த்திருந்தால், ஒவ்வொரு தடவை ஓடிபி போட்டு சரிபார்க்கும்போதும் எந்த நிறுவனம், எத்தனை மணிக்கு என்று ஒரு மெயில் வரும். ஆதார் தளத்திலேயே அந்த வரலாறைப் பார்க்கலாம், ஆனால் அது ஆறு மாதம் வரைக்கும்தான், எனக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. மெயில் பெட்டியில் தோண்டினேன், விளம்பர மெயில்களுக்கு நடுவில் இரண்டும் கிடைத்தது. 6.42க்கு ஒரு நிறுவனம், 6.51க்கு இன்னொன்று. ஒன்பது நிமிஷத்தில் ஒரே ஆள் ஒரே கடையில் இரண்டு கம்பெனியில் கடன் வாங்கி இரண்டு போன் எடுத்துப் போவானா? விண்ணப்பத்தில் இருந்த செல் நம்பர் என் பெயரில் இல்லை. பில்லில் இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணுள்ள (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) போன் என் வீட்டில் இல்லை. இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி, எஃப்.ஐ.ஆர். நகலோடு கம்பெனிக்கு அனுப்பினேன்.

அதற்குள் சிபிலில் தகராறு மனு போட்டு ஒரு தடவை தோற்றிருந்தேன். அவர்கள் கடன் கொடுத்த கம்பெனியிடம்தான் கேட்பார்கள், கம்பெனி சரிதான் என்று சொன்னால் முடிந்தது கதை. கம்பெனிக்கு எழுதி 30 நாள் ஆகியும் ஒழுங்கான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம், பைசா செலவில்லை, வக்கீல் வேண்டாம். ஜூனில் போட்டேன். அங்கிருந்து கடிதம் போன பிறகு அதே கஸ்டமர் கேர் என்னை "வேல்யூட் கஸ்டமர்" என்று கூப்பிட்டுப் பேசியதைக் கேட்க வேண்டுமே. ஆகஸ்ட் கடைசியில் கடனை ரத்து செய்து, ரிப்போர்ட்டிலிருந்தும் எடுத்தார்கள். ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணும் உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வருமானக் கணக்கே பார்ப்பதில்லை, வக்கீல் இலவசம். இது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

இப்போது நான் செய்வது கொஞ்சம் ஓவர் என்று வீட்டில் சிரிக்கிறார்கள், பரவாயில்லை. ஆதார் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த பிரதிதான், அது ஆதார் தளத்திலேயே கிடைக்கிறது. ஜெராக்ஸ் கொடுக்க வேண்டி வந்தால் படத்தின் மேலேயே குறுக்காக எதற்காக, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதித்தான் கொடுப்பேன். ஆதாரில் கைரேகைப் பதிவை லாக் பண்ணிவிட்டேன். கடைக்காரன் போனில் படம் எடுக்க விடுவதில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்தக் கடன் ரிப்போர்ட் போடும் கம்பெனி நான்கு இருக்கிறது, நான்கும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமாகத் தந்தாக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கிப் பார்த்தால் வருஷம் முழுக்க ஒரு கண் வைத்த மாதிரி ஆயிற்று. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தேன், நான்கு காட்டியது. எங்கள் வீட்டில் இருப்பது மூன்று. நான்காவதை 'இது என் நம்பர் இல்லை' என்று அங்கேயே குறித்துவிட்டேன். அது யார் வாங்கியது, எந்தக் கடையில் என் ஜெராக்ஸ் சிக்கியது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையன் 2024 தீபாவளியோடு வேலையை விட்டுப் போய்விட்டானாம். கடை முதலாளி, அவன் எங்கள் ஆளே இல்லை, பைனான்ஸ் ஆள் என்கிறார். பைனான்ஸ்காரர், அவன் கடை ஆள் என்கிறார். கேஸ் நிலுவையில் இருக்கிறது. மாடி வேலை தை பிறந்து தொடங்குவதாக இருக்கிறோம், பொண்ணு போனுக்கு இன்னும் மூன்று தவணை பாக்கி.