கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: சின்னக் கடைக்கு எது வரைக்கும் உதவும்?

ப்ளவுஸ் தைக்கக் கடை தேடுகிறவர் போனில் ‘ப்ளவுஸ் ஸ்டிச்சிங் நியர் மீ’ என்று தட்டினால் முதலில் வருவது பெரும்பாலும் ஒரு சின்ன மேப்தான். அதன் கீழே மூன்று கடைகள், நட்சத்திரங்கள், கால் பட்டன். கடைகளின் வெப்சைட்டுகள் அதற்கும் கீழே கிடக்கும். அந்த மூன்றில் இடம் பிடிக்க உதவும் கருவிதான் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2014-இல் கூகுள் மை பிசினஸ் என்று வந்தது, 2021 நவம்பரில் இந்தப் பெயருக்கு மாறியது. காசு கிடையாது. வெப்சைட்டுக்குச் செலவு செய்யுமுன் எந்தச் சின்னக் கடையும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். ஐந்துக்கு நான்கு தரலாம். அந்த ஒன்று ஏன் குறைகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தனி ஆப் இப்போது இல்லை. ப்ரொஃபைல் இருக்கும் ஜிமெயிலில் லாகின் செய்து, கூகுளில் கடைப் பெயரைத் தேடினால் எடிட் பட்டன்கள் அங்கேயே வரும். கவனிக்க வேண்டியது, அது யாருடைய ஜிமெயில் என்பதுதான். வெப் டிசைனரோ, கடையில் வேலை பார்க்கும் பையனோ தன் மெயிலில் தொடங்கிக் கொடுத்தால் நாளை அவர் விலகும்போது ப்ரொஃபைலும் அவரோடு போய்விடும். கடைக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்கி அதை ஓனராக வையுங்கள். மற்றவர்களுக்கு மேனேஜர் உரிமை போதும்.

அடுத்தது வெரிஃபிகேஷன், அதாவது கடை உங்களுடையதுதானா என்று கூகுள் சரிபார்ப்பது. எந்த முறை என்பதைக் கூகுளே தீர்மானிக்கும், பல கடைகளுக்கு வீடியோதான் வருகிறது. பழைய வீடியோவை ஏற்ற முடியாது. அந்த இடத்திலேயே போனில் எடுக்க வேண்டும், குறைந்தது 30 விநாடி, நடுவில் கட் இருக்கக் கூடாது. தெருப் பெயர்ப் பலகை அல்லது பக்கத்துக் கடையில் தொடங்கி, உங்கள் பெயர்ப் பலகைக்கு வந்து, பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கி, உள்ளே தையல் மெஷின், கட்டிங் டேபிள், பில் புக் என்று ஒரே ஓட்டமாகக் காட்டுங்கள். பூட்டைத் திறப்பது சும்மா இல்லை, கடை உங்கள் கையில் இருப்பதற்கு அதுதான் சாட்சி. நிராகரிக்கப்படும் வீடியோக்களில் அடிக்கடி காண்பது, கடைக்குள்ளே மட்டும் எடுத்தது அல்லது பலகையில் ஒரு பெயரும் ப்ரொஃபைலில் இன்னொரு பெயரும் இருப்பது. வாடிக்கையாளர் முகமும் ஆதார் அட்டையும் வீடியோவில் வர வேண்டாம். அப்லோட் முடியும்வரை அந்தப் பக்கத்தை மூடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் ஆசை வேண்டாம். பலகையில் என்ன இருக்கிறதோ அது மட்டும். பெயரோடு ‘பெஸ்ட் ப்ளவுஸ் ஸ்டிச்சிங் இன் மதுரை’ என்று ஒட்டினால் சில நாள் மேலே வந்தாலும் வரலாம். ஆனால் அது விதிமீறல், போட்டிக் கடைக்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் ப்ரொஃபைலே முடக்கப்படலாம். சஸ்பெண்ட் ஆனால் அப்பீல் செய்யலாம். அப்பீல் கொடுத்த பிறகு ஆதாரம் ஏற்ற 60 நிமிடம்தான் தருகிறார்கள். ஆகவே ஜிஎஸ்டி சான்றிதழ் அல்லது உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு), கரண்ட் பில், பலகையின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் அப்பீல் பட்டனைத் தொட வேண்டும்.

தேடலில் எங்கே வருகிறோம் என்பதில் உங்கள் கையில் இருக்கும் பெரிய நெம்புகோல் கேட்டகரி. முதன்மையாக ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைக்கலாம். தையல் கடைக்காரர் பலர் ‘பொட்டிக்’ என்று போடுகிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக. ஆனால் பொட்டிக் என்றால் ரெடிமேட் துணி விற்கும் கடை என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். தைத்துக் கொடுப்பதுதான் தொழில் என்றால் முதன்மை ‘டெய்லர்’ அல்லது ‘டிரஸ்மேக்கர்’. ஆரி ஒர்க் செய்தால் ‘எம்ப்ராய்டரி சர்வீஸ்’ கூடுதல் கேட்டகரியில் வரட்டும். ‘ஆரி ஒர்க்’, ‘லைனிங் ப்ளவுஸ்’, ‘சாரி ஃபால்ஸ்’ போன்ற சொற்களை சர்வீசஸ் பகுதியில் தனித்தனியாக, விலையோடு எழுதுங்கள். விவரக் குறிப்புக்கு 750 எழுத்து இடம் உண்டு. தமிழில் எழுதினால் புள்ளியும் கால், கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் சீக்கிரம் நிரம்பிவிடும். முக்கியமானதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

மேப் பின் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை நடந்தே பாருங்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் குழப்பத்தில் அந்தப் பின் நாலு கட்டடம் தள்ளி விழுவது சகஜம். எடிட்டில் அதை விரலால் நகர்த்திக் கடை வாசலில் வைக்கலாம். வீட்டிலிருந்தே தைப்பவர்கள், ஆட்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் 20 வரை காட்டலாம்.

போட்டோ ஜேபிஜி அல்லது பிஎன்ஜி, 5 எம்பிக்குள், குறைந்தது 720-க்கு 720 பிக்சல் இருந்தால் நல்லது. இணையத்தில் எடுத்த மாடல் படங்கள் வேண்டாம். நீங்கள் தைத்த ப்ளவுஸின் பின்கழுத்து, பகல் வெளிச்சத்தில், ஒரே நிறத் துணியின் மேல் விரித்து எடுத்தால் போதும்.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி, பரிசு தருவது விதிமீறல். ப்ரொஃபைலில் கிடைக்கும் ரிவ்யூ கியூஆரை அச்சடித்து டெலிவரி மேஜையில் ஒட்டுங்கள், துணியைப் போட்டுப் பார்த்துத் திருப்தியாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். மோசமான ரிவ்யூவைப் ‘பொய்’ என்று சொல்லி நீக்க முடியாது. விதியை மீறியிருந்தால் மட்டுமே எடுப்பார்கள். பதில் எழுதுவதே வழி: என்ன நடந்தது, ஆல்டர் செய்து தர எப்போது வரலாம் என்று இரண்டு வரி. அதைப் படிப்பவர் திட்டியவரை விட அடுத்து வரப்போகும் வாடிக்கையாளர்தான்.

இனி, குறைந்த அந்த ஒரு மதிப்பெண். இது கூகுளின் இடம், வாடகை வாங்காத வாடகை வீடு. யார் வேண்டுமானாலும் ‘சஜஸ்ட் அன் எடிட்’ மூலம் உங்கள் நேரத்தையோ போன் நம்பரையோ மாற்றச் சொல்லலாம், சில சமயம் கூகுள் அதை ஏற்றும் விடுகிறது. வாரம் ஒருமுறை பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது. வசதிகளும் போய்விடும். ப்ரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். அந்த முகவரிகள் ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிடப்பட்டதும் ஜூன் 10 வரைதான். அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சடித்திருந்தவர்களுக்கு எல்லாம் வீண். அதே ஆண்டு ஜூலையில் சாட் வசதியும் நின்றது.

ஆகவே சொந்த டொமைனில் (இணைய முகவரியில்), உங்கள் பெயரில் பதிவான ஒரு பக்கமாவது வேண்டும். பத்துப் பக்கம் தேவையில்லை. கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் ப்ரொஃபைலில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கட்டும். நம்பரைத் தொட்டால் கால் போக வேண்டும். வாட்ஸ்அப் லிங்க்கில் எண் 91 என்று தொடங்க வேண்டும், பிளஸ் குறியோ முன்னால் பூஜ்யமோ வேண்டாம். விலைப் பட்டியலைப் போஸ்டர் படமாகப் போடாதீர்கள், எழுத்தாகவே போடுங்கள். டிடிபி சென்டரில் பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்த தமிழை அப்படியே ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடலிலும் வராது. எல்லா போனிலும் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

பக்கம் மெதுவாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் கேமராவிலிருந்து நேரே ஏற்றிய 4 எம்பி படங்கள். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் பல படங்கள் 150 கேபிக்குள் வந்துவிடும். பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் பக்கத்தைப் பாருங்கள். பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்ல நிலை. பட்டனைத் தொட்டால் 200 மில்லிசெகண்டுக்குள் அசைவு தெரிய வேண்டும். முகப்பில் தானாக ஓடும் ஸ்லைடர் இருந்தால் முதலில் அதை எடுங்கள், எண்கள் அதிலேயே மாறிவிடும்.

ப்ரொஃபைலில் கொடுக்கும் வெப்சைட் லிங்க்கின் கடைசியில் யுடிஎம் குறிப்பை (எங்கிருந்து வந்தார் என்று காட்டும் அடையாளச் சொற்களை) சேர்த்தால், மேப்பிலிருந்து வந்தவர் எத்தனை பேர் என்பது வருகையை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸில் தனியாகத் தெரியும். கூகுள் விளம்பரத்துக்குக் காசு போடுவது அதன் பிறகுதான்.

‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் லிஸ்டிங் போய்விடும்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். லிஸ்டிங்குக்குக் கூகுள் பணம் கேட்பதில்லை. உங்கள் கடையை ஏற்கெனவே வேறு யாரோ க்ளெய்ம் செய்து வைத்திருந்தால் அதே ப்ரொஃபைலில் ‘ரிக்வெஸ்ட் ஆக்சஸ்’ கொடுங்கள். வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். அவர் பேசாமல் இருந்தால், பல நேரங்களில் நீங்களே வெரிஃபை செய்து எடுத்துக்கொள்ளும் வழி திறக்கும். அப்படி ஓனரானதும் முதல் 7 நாளுக்குப் பழைய ஓனரை நீக்க முடியாது. எட்டாம் நாள் நினைவாக உள்ளே போய், யூசர் பட்டியலில் தேவையில்லாத மெயில்களை எடுத்துவிடுங்கள்.