சிங்கப்பூர் ராத்திரி: சாப்பாட்டுக்கு முழு மார்க், முஸ்தபாவுக்கு முக்கால், ஆற்றங்கரை பாருக்குப் பாதிதான்

நம்ம பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் பெரும்பாலும் டிராவல்ஸ்காரர் போட்டுத் தரும் பேக்கேஜில்தான் போகிறார்கள். பகல் முழுக்க பஸ்ஸில் ஏற்றி இறக்கி, சிங்கச் சிலை முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்து, சாயங்காலம் 7 மணிக்கே ஏதோ ஒரு பஃபேயில் நான் ரொட்டியும் பன்னீரும் போட்டு, எட்டரைக்கு லாட்ஜில் கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள். எங்களுக்கும் அதேதான் நடந்தது. கம்பெனி பேர் வேண்டாம், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் போடுகிறார்கள். அந்த ஊரைப் பார்க்க வேண்டியதே எட்டரைக்கு அப்புறம்தான் என்பது அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்வதில்லையா என்று தெரியவில்லை.

முதலில் ஒரு கணக்கு. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அவர்களுக்கு ராத்திரி 10 மணி என்றால் நம்ம வயிற்றுக்கு ஏழரைதான், அப்போதுதான் பசிக்கவே ஆரம்பிக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருஷம் பூரா 7 மணி வாக்கில்தான் இருட்டும், அதுவரை வெக்கை. அதனால் மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டு ராத்திரி ஊர் சுற்றுவதுதான் புத்திசாலித்தனம். சுற்றுவதற்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது ஒரு ரயில் பாதை, நீல நிற டவுன்டவுன் லைன். லிட்டில் இந்தியா, பூகிஸ், பேஃபிரண்ட், தெலுக் ஆயர் எல்லாம் அதே பாதையில் வரிசையாக வரும். டிக்கெட் எடுக்கக்கூட வேண்டாம், வெளிநாட்டில் தட்டிப் பயன்படுத்த வசதி செய்து வைத்த விசா, மாஸ்டர் கார்டு இருந்தால் கதவு திறந்துவிடும், பயன்படுத்துகிற நாளுக்கு 60 சிங்கப்பூர் காசு கூடுதலாகப் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

சாப்பாட்டை தேக்காவில் தொடங்குங்கள். லிட்டில் இந்தியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தேக்கா சென்டர். கீழே மீன், கறி, காய்கறிச் சந்தை ஒரு பக்கம், உணவங்காடி ஒரு பக்கம். பிரியாணி, பரோட்டா, ரோஜாக், சீன நூடுல்ஸ் எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கும். டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள், நாமும் அப்படியே சொல்லலாம். மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அதில் உட்காராதீர்கள், யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021-லிருந்து அது சட்டம். எங்க அத்தைக்கு இது பொறுக்கவே இல்லை. "துட்டும் குடுத்துட்டு எச்சித் தட்டையும் நாமளா மாப்ள தூக்கணும்?" என்று அங்கே இருந்த அத்தனை நாளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பரோட்டாவைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே பிராட்டா என்பார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து, கிண்ணத்தில் பருப்போ மீன் குழம்போ. நல்ல சாமான்தான், ஆனால் செங்கோட்டை பார்டர் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அது முங்குகிற அளவு சால்னா ஊற்றிச் சாப்பிட்ட கைக்கு அந்தச் சின்னக் கிண்ணம் பத்தாது. இன்னொரு கிண்ணம் கேளுங்கள், தருவார்கள். முர்தபாவுக்கு, அதாவது கறியும் முட்டையும் உள்ளே வைத்து மடித்த பரோட்டாவுக்கு, சுல்தான் பள்ளிவாசல் எதிரே நார்த் பிரிட்ஜ் ரோட்டுக்குப் போக வேண்டும், பூகிஸில் இறங்கி நடக்கலாம். ஜம் ஜம் கடை 1908-லிருந்து அங்கே இருக்கிறது. ஆட்டுக்கறி முர்தபா ஒன்று வாங்கினால் இரண்டு பேர் பகிரலாம்.

மீன் தலைக்கறி ரேஸ் கோர்ஸ் ரோட்டில். வாழையிலை போட்டு, சங்கரா மீன் தலையைப் புளியும் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் போட்ட குழம்போடு சட்டியில் கொண்டுவந்து வைப்பார்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால்தான் விலை கட்டும். தூத்துக்குடி மீன் குழம்பில் வளர்ந்த என் வீட்டுக்காரி முதலில் உதட்டைப் பிதுக்கினாள், அப்புறம் கன்னச் சதையைத் தேடித் தேடி எடுத்தவளும் அவள்தான். சைவம் என்றால் 1924-லிருந்து ஆனந்த பவனும் 1947-லிருந்து கோமள விலாஸும் இருக்கின்றன, நம்ம ஊர் இட்லி தோசைதான், அதற்காக விமானம் ஏற வேண்டாம்.

தெலுக் ஆயரில் இறங்கினால் லாவ் பா சாட். பழைய வார்ப்பிரும்புத் தூண்களோடு எண்கோண வடிவில் ஒரு சந்தைக் கட்டடம், சுற்றிலும் வானளாவிய வங்கிகள். அந்தி சாய்ந்ததும் பக்கத்து பூன் டாட் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடுரோட்டில் மேஜை போடுகிறார்கள். கரியடுப்பில் சாத்தே வாட்டுகிற புகை தெரு முழுக்க. கோழி, ஆடு எல்லாம் குச்சியில் குத்தி, வேர்க்கடலைக் குழம்பு, வெங்காயம், வெள்ளரிக்காயோடு வரும். கோட்டு சூட்டு போட்ட வங்கிக்காரனும், கைக்குழந்தையோடு வந்த மலாய்க் குடும்பமும், வேலை முடிந்து வந்த பையன்களும் ஒரே நீள மேஜையில். எனக்கு சிங்கப்பூரில் பிடித்த இடம் எது என்று கேட்டால் இந்தத் தெருதான், ராத்திரி 9 மணிக்கு.

ஒரு விஷயம் நம்ம ஊர்க்காரர்களுக்காக. இந்த வட்டாரத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில்தான் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் முன்பு நிறைய இருந்தன. ஆண்கள் துறைமுக வேலைக்குப் போக, பெண்கள் மசாலா அரைத்து விற்றிருக்கிறார்கள். 1946-ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியின் பேரில் இன்றைக்கும் ஒரு தமிழ் மொழி நிலையம் நடக்கிறது. தேக்காவில் ஒரு கடையில் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர், "அண்ணாச்சி எந்த ஊரு?" என்றார். பாளையங்கோட்டை என்றதும், "அப்ப நம்ம ஊராள்லா!" என்று தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இனி முஸ்தபா. சையது அல்வி ரோட்டில், ஃபேரர் பார்க் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். கொரோனாவுக்கு முன்னால் 24 மணி நேரமும் திறந்திருந்த கடை, அதன் பிறகு ராத்திரி 2 மணி வரை என்று ஆகிவிட்டது. அதுவே போதும், 11 மணிக்கு மேல் போனால் தள்ளுமுள்ளு குறையும். தங்கம், கடிகாரம், சென்ட், மாத்திரை, பெட்டி, அரிசி, மாங்காய் என்று தளம் தளமாக ஏறும், கையில் பட்டியல் இல்லாமல் போனால் நிச்சயம் தேவையில்லாததோடுதான் வெளியே வருவீர்கள். வரும்போது பையின் வாயைப் பிளாஸ்டிக் பட்டி போட்டுக் கட்டிவிடுவார்கள், பதற வேண்டாம். கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட், இவை மூன்றும் வாங்கலாம். தெருவில் ஆளுக்கு ஒரு தைலப் பாட்டில் எதிர்பார்ப்பார்கள் என்பதால் டஜன் கணக்கில் எடுங்கள். செல்போன், லேப்டாப்பில் நம்ம ஊர் விலைக்கு அப்படி ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. தங்கத்தில் ஆசைப்படுகிறவர்கள் கவனம்: நம்ம கஸ்டம்ஸில் நகைக்குக் கிடைக்கும் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான், சுற்றுலா போய் வருகிற நமக்கு இல்லை.

அங்கே விற்பனை வரி 9 சதவீதம். வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் உள்ள கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்துகொண்டு, சாங்கி விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன்பே அங்கே வரியைத் திரும்பப் பெறுவதற்கு வைத்திருக்கும் இயந்திரத்துக்குப் போய்விடுங்கள், பொருளைக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். ஆர்ச்சர்ட் ரோடு கடைகள் பத்து மணியோடு மூடிவிடும், அங்கே ஏசியும் விளக்கும் இலவசம், மற்றதெல்லாம் விலை.

கடைசியாக பார் சமாச்சாரம். கிளார்க் கீயில் ஆற்றங்கரை ஓரம் விளக்கும் பாட்டும் பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் ஒரு பீர் 15 வெள்ளியைத் தாண்டும், அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் வரி. விலைப் பட்டியலில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் இதுதான் கதை. ஒரு இடத்தில் கேட்காமலே வேர்க்கடலைத் தட்டை வைத்துவிட்டு பில்லில் சேர்த்துவிட்டார்கள், அதனால் மேஜைக்கு வருவதையெல்லாம் காசா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். கடையில் வாங்கிப் போய்க் குடிக்கலாம் என்றால் ராத்திரி பத்தரை முதல் காலை 7 வரை விற்பனையும் கிடையாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு இன்னும் கடுமை, சனிக்கிழமை காலையிலிருந்து திங்கள் காலை வரை தெருவில் குடித்தால் குற்றம். வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள், அங்கே அதற்குத் தடை. சிகரெட்டுக்கும் வரிச் சலுகை இல்லை.

பாருக்குப் பதில் பேஃபிரண்டில் இறங்குங்கள். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் இரும்பு மரங்களின் விளக்கு ஆட்டம் ஏழே முக்காலுக்கும் எட்டே முக்காலுக்கும், மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் தண்ணீர் ஆட்டம் 8 மணிக்கும் 9 மணிக்கும். ரெண்டுக்கும் காசு இல்லை. முதல் விளக்கைப் பார்த்துவிட்டு நடந்தால் 9 மணி தண்ணீருக்குச் சரியாக இருக்கும், அங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி சாத்தே. நடுராத்திரி 12 மணி வாக்கில் ரயில் நின்றுவிடும், 12-க்கு மேல் டாக்சி மீட்டரில் பாதிக்குப் பாதி கூட்டிப் போடுவார்கள். ஆனால் லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் அந்தக் கவலையும் இல்லை, முஸ்தபாவிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வரலாம், பெண்கள் தனியாகவும் வருகிறார்கள்.