கேட்லாகில் எழுதாமல் விட்டது: ஏலத்தில் பழங்காசு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஏல நிறுவனங்கள் மூலம் பழைய நாணயம் வாங்குபவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போலிக் காசு கொடுத்து ஏமாற்றிய கதை இல்லை இது. எனக்கு வந்த காசு அசல்தான். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் வாங்கியது மதராஸ் அரை வராகன். கிழக்கிந்தியக் கம்பெனி 1808 வாக்கில் மதராஸ் அக்கசாலையில் அடித்த வெள்ளிக்காசு, சுமார் 21 கிராம். ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோயில் கோபுரம், சுற்றிலும் எழுத்து. மறுபக்கம் தாமரையில் எழும் விஷ்ணு, சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்குப் பார்த்த காலத்துக் காசு. 1818-இல் மதராஸ் ரூபாய்க்கு மாறியதும் அந்தக் கணக்கு ஓய்ந்துபோனது. தமிழ் எழுத்தும் கோபுரமும் ஒரே காசில் இருப்பதால் நம் ஊர்ச் சேகரிப்பாளர்களுக்கு இதன்மேல் தனி ஆசை. ஏலக்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு ஏல நிறுவனத்தின் கேட்லாகில் இது வந்தது. ‘எக்ஸ்ட்ரா ஃபைனுக்கு நெருக்கம், அழகான டோனிங், அரிது’ என்று ஒரு வரி. அதாவது தேய்மானம் குறைவு, வெள்ளியில் காலத்தால் படிந்த நிறம் அழகு. முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு படங்கள், வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று. அதே பக்கத்தில் இருந்த மற்ற வெள்ளிக்காசுகளுக்கெல்லாம் கிராம் கணக்கில் எடை போட்டிருந்தார்கள். இதற்கு மட்டும் போடவில்லை. விளிம்புப் படம் எந்தக் காசுக்குமே கிடையாது.

நேரில் போய் ஏலம் கேட்க முடியாதவர்களுக்கு ப்ராக்ஸி பிட் என்று ஒரு வசதி இருக்கிறது. இவ்வளவு வரை போகலாம் என்று நம் உச்ச வரம்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எதிரே கேட்பவர் நிறுத்தியதும், அதற்கு அடுத்த படியில் நமக்கு முடியும் என்பது ஏற்பாடு. நான் 46,000 என்று கொடுத்திருந்தேன். சரியாக 46,000-இல் சுத்தியல் விழுந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம், நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நம் உச்ச வரம்பைத் தெரிந்து வைத்திருக்கும் ஆளே ஏலத்தையும் நடத்துகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். எதிரே கேட்டது உண்மையான ஆளா, காசின் உரிமையாளரே நிறுத்தி வைத்த ஆளா என்று வெளியூரில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64. விற்பவர் தானும் ஏலம் கேட்கும் உரிமையை வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் தானோ தன் ஆளை வைத்தோ விலையை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையையே மறுக்கலாம். சட்டம் சரி, சாட்சிக்கு எங்கே போவது!

46,000 என்பது ஹேமர் விலை, அதாவது சுத்தியல் விழுந்த விலை மட்டும். அதன்மேல் 15 சதவீதம் பையர்ஸ் பிரீமியம் (வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணம்), அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் காப்பீட்டோடு கூரியர். எல்லாம் சேர்த்து 56,000-க்கு மேல் போனது. பிரீமியம் எல்லா நிறுவனத்திலும் உண்டு, விகிதம்தான் ஆளுக்கு ஆள் மாறும். அதில் எனக்குப் புகார் இல்லை, விதிமுறையில் போட்டிருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் மட்டும் கவனியுங்கள். மனதில் வைத்திருக்கும் தொகையிலிருந்து இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் வரம்பு எழுத வேண்டும்.

காசு வந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, ஓரத்தைப் பிடித்துத் திருப்பியபோதே கட்டைவிரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. விளிம்பில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று தட்டையாக இருந்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். கோபுரத்துக்கு நேர் மேலே, விளிம்பை ஒட்டிய எழுத்துப் பகுதியில் ஒரு மங்கலான சாம்பல் திட்டு. அந்த இடத்து எழுத்துகள் மட்டும் பக்கத்து எழுத்துகளைவிட மெலிந்து, ஓரம் கூராக, கையால் செதுக்கியது போல நின்றன. திட்டைச் சுற்றி ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். தராசில் வைத்தால் 20.3 கிராம். கேட்லாகில் எடையை ஏன் விட்டார்கள் என்பது அப்போது புரிந்தது.

உறுதி செய்துகொள்ள மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் தெரிந்த நகைப் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸ்கூட எடுக்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “சார், மேல வளையம் வச்சுப் பொடி போட்டு ஊதிப் பத்தவச்சிருக்காங்க. அப்புறமா அறுத்துட்டு அரம் போட்டிருக்காங்க. எழுத்தையும் யாரோ வெட்டி விட்டிருக்காங்க. வெட்டுனவன் நல்ல கைகாரன்தான்” என்றார். காசை என்னிடம் திருப்பித் தரும்போது, “கழுத்துல கிடந்த காசு சார் இது” என்றார்.

நம் ஊரில் இது புதிது இல்லை. காசுமாலை போட்ட ஊர். சவரன், வராகன், மொகரா, கம்பெனி ரூபாய் எல்லாம் வளையம் பற்றவைக்கப்பட்டு எத்தனையோ கழுத்தைப் பார்த்தவை. கோபுரம் நேராக நிற்கும்படி தொங்கவிட்டால் வளையம் அதன் உச்சிக்கு மேலேதான் வரும். அப்படி நகையாக இருந்ததில் தப்பே இல்லை. வெளிநாட்டுக் கேட்லாகுகளில் ‘எக்ஸ் மவுண்ட்’ (வளையம் எடுத்தது) என்று ஒரு சொல் போட்டுவிடுவார்கள். நம் நாட்டிலும் யோக்கியமாகப் போடும் நிறுவனங்கள் உண்டு. அந்த ஒரு சொல் விழுந்தால் விலை பாதிக்குக் கீழே போய்விடும். அதனால்தான் விழுவதில்லை.

உடனே போன் செய்தேன். பேசியவர் ரொம்ப மரியாதையான மனிதர்.

“சார், காயின் ஜென்யூன் சார். அதுக்கு நாங்க லைஃப்டைம் கேரண்டி தர்றோம்.”

“ஜென்யூன் இல்லைன்னு நான் சொல்லலையே. வளையம் வச்சு எடுத்த காசை, ரிப்பேர் பண்ணின காசைச் சொல்லாம வித்திருக்கீங்க.”

“கண்டிஷன்ங்கறது ஒவ்வொருத்தர் பார்வை சார். ஏலத்துக்கு முன்னாடி நேர்ல வந்து பாக்க வியூயிங் டே வச்சிருந்தோமே. டேர்ம்ஸ்ல இருக்கு பாருங்க.”

இருந்தது. கேட்லாகின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில். தரம் பற்றிய விவரிப்பு அபிப்பிராயம் மட்டுமே, உத்தரவாதம் இல்லை. லாட் (ஏலத்துக்கு வரும் ஒவ்வோர் உருப்படியும்) உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது. போலி என்று நிரூபித்தால் மட்டுமே திருப்பி எடுக்கப்படும். வழக்கு எதுவானாலும் நிறுவனம் இருக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான். அதாவது முன்பக்கத்தில் ‘எக்ஸ்ட்ரா ஃபைனுக்கு நெருக்கம்’ என்று எழுதிப் பணம் வாங்கிய வரியை, பின்பக்கத்தில் அவர்களே அடித்துவிட்டார்கள்.

இந்தப் ‘போலி என்றால் மட்டும்’ என்ற விதி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நண்பர் ஒருவர் ஏலத்தில் 1939 ரூபாய் எடுத்தார். ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது. 1938 ரூபாய் எளிதில் கிடைக்கும், 1939 மிக அரிது. அடுத்த ஆண்டு 1940-இலிருந்து ரூபாயில் வெள்ளியை ஏறக்குறைய 92 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் பழைய வெள்ளியில் வந்த அந்தக் கடைசி ஆண்டுக்காசுக்குப் பெரிய விலை. 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது இந்த வட்டாரத்தில் பழைய வேலை. நண்பருக்கு வந்ததும் அதுதான். லென்ஸில் பார்த்தால் ஒன்பதின் கீழ்வளைவுக்குப் பக்கத்தில் தளம் பள்ளமாக இருந்தது. அவருக்கு முழுப் பணமும் திரும்பி வந்தது, ஏனென்றால் அது ‘போலி’ வகை. என் காசிலும் எழுத்தைச் சுரண்டியிருக்கிறார்கள், ஆனால் என்னுடையது ‘கண்டிஷன்’ வகை. அதே உளி, வேறு விதி.

ஸ்லாப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற அமெரிக்கத் தரப்படுத்தும் நிறுவனங்கள் காசைச் சோதித்து, 70 வரையான அளவுகோலில் எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். அந்தப் பெட்டிதான் ஸ்லாப். பாலிஷ் போட்டது, வளையம் எடுத்தது, செதுக்கியது என்றால் எண் தரமாட்டார்கள். ‘டீடெய்ல்ஸ்’ என்று போட்டுக் குறையையும் எழுதிவிடுவார்கள். அப்படி வந்த காசைப் பெட்டியை உடைத்து வெளியே எடுத்து, வெறும் காசாக ஏலத்துக்குக் கொண்டுவருவது பலர் செய்யும் வேலை. ஆகவே விலை அதிகமான காசுகளெல்லாம் ஸ்லாபில் இருக்கும் ஒரு ஏலத்தில், அதே மதிப்புள்ள ஒன்று மட்டும் வெறுமனே கிடந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் வராது, ஆனாலும் கேளுங்கள். ஸ்லாப் இருந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றும் இல்லை. பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் இருக்கும் காசோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண் உண்மையாக இருந்து காசு வேறாக இருப்பதும் உண்டு.

வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். விவரிப்பு அங்கே பொதுவாக மேல் என்பது உண்மைதான். ஆனால் நூறு ஆண்டு தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப அந்தச் சட்டம் இடம் தருவதில்லை. சுங்க வரி கட்டி வரவழைத்து, பிடிக்கவில்லை என்றால் கூரியரில் போட்டுத் திருப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். போனில் பேசியது போதும் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். விளிம்பின் படம், லென்ஸ் வழியாக எடுத்த எழுத்தின் படம், தராசில் காசு இருக்கும் படம், மூன்றையும் வைத்தேன். மற்ற லாட்டுகளுக்கு எடை போட்டு இதற்கு மட்டும் விட்டது எப்படி என்று ஒரு கேள்வி. வழக்கு தங்கள் ஊரில்தான் என்ற அவர்களுடைய விதிக்குப் பதிலாகவும் ஒரு வரி எழுதினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், மும்பைக்கோ பெங்களூருக்கோ அலைய வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

கடிதம் போனபிறகு குரல் மாறியது. ‘எங்கள் நல்லெண்ணத்தின் அடையாளமாக’ அடுத்த ஏலத்தில் அந்தக் காசை எனக்காகவே விற்றுத் தருகிறோம் என்றார்கள். விற்பனைக் கமிஷனில் பாதியைத் தள்ளுபடி செய்வார்களாம். சரி, விவரிப்பில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். பழைய விவரிப்பையே போடலாம் என்றார் அதே மரியாதைக்காரர். வளையம் எடுத்தது, எழுத்து செதுக்கியது என்று எழுத வேண்டும் என்றேன்.

“அப்படிப் போட்டா யாரு சார் எடுப்பாங்க?”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பதிவு எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். கண்டிஷன் என்பது ஒவ்வொருவர் பார்வை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரிந்தபிறகும் இன்னொருவர் தலையில் அதையே கட்டலாம், அதற்கு நானும் கூட்டு என்பதுதான் அவர்கள் தந்த தீர்வு. என்னிடம் வருவதற்கு முன் இதே காசு எத்தனை ஏலம் சுற்றியதோ.

முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். மாவட்ட ஆணையத்துக்கான மனு தயாராகிறது. பத்தரிடமும் பழைய காசு வியாபாரி ஒருவரிடமும் எழுத்தில் கருத்து கேட்டிருக்கிறேன். வியாபாரி தயங்குகிறார். அவருக்கும் அதே நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. இந்தச் சின்ன உலகத்தில் எல்லாருக்கும் எல்லாரும் வேண்டும்.

இப்போது கேட்லாக் கையில் வைத்திருப்பவர்களுக்கு: பிட் போடும் முன் மின்னஞ்சலில், போனில் அல்ல, எடையையும் விளிம்பைச் சுற்றி எடுத்த படங்களையும் கேளுங்கள். வளையம் இருந்ததா, பழுது பார்த்ததா, கழுவியதா என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் பின்னால் அந்தப் பொடி எழுத்து விதிகளுக்கு எதிரே வைக்க உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும். பார்சலைப் பிரிப்பதிலிருந்து தராசில் வைப்பது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். புகார் சொல்ல சிலர் மூன்றே நாள்தான் தருகிறார்கள்.

அரை வராகனோ கால் வராகனோ சமீபத்தில் ஏலத்தில் எடுத்தவர்கள் கோபுரத்துக்கு நேர் மேலே விளிம்பை ஒருமுறை தடவிப் பாருங்கள். என்னுடையது போலவே இருந்தால், எந்த ஏலம், என்ன விவரிப்பு போட்டிருந்தார்கள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். மனுவோடு இணைக்க உதவும்.