நாள்பேர், பங்கு மலை, கத்தரி அணி: எந்தத் தோட்டத்துக்கு எது தோதுப்படும்?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் "புதிய வேலைமுறை" என்று நிர்வாகங்கள் கொண்டுவருபவை, என்ன பெயரில் வந்தாலும், கடைசியில் மூன்றில் ஒன்றாகத்தான் முடிகின்றன. பழைய நாள்பேரையே, அதாவது நாள்சம்பள முறையையே, வைத்துக்கொண்டு நோர்மையும் (ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோ) ஊக்கக் காசையும் மாற்றுவது ஒன்று. மலையை, அதாவது தேயிலை நிலத்தை, துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு போடும் பங்கு மலை இன்னொன்று. கைப்பறிப்பைக் குறைத்துக் கைக்கத்தரிக்கும் பறிப்பு மெஷினுக்கும் மாறுவது மூன்றாவது.

மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) இதைப் பற்றிப் பேச்செடுத்தால் "எதில காசு கூட?" என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போய்விடுகிறது: கொழுந்து இல்லாத மாதம் யார் தலையில் விழுகிறது? மூன்று முறைகளும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

முதலில் கிலோக் கணக்கு

2024 செப்டம்பரில் சம்பளச் சபை வழியாக நிர்ணயமான 1,350 ரூபாய் நாள்சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். சம்பளம் மாறும்போது எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், போடும் விதம் மாறாது. நோர்ம் 18 கிலோ என்றால் ஒரு கிலோவுக்குக் கைக்கு வருவது 75 ரூபாய். ஆனால் கம்பனிக்கு ஆகும் செலவு அதோடு முடிவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் அதன் பங்கு. இரண்டும் சேர்ந்து கிலோவுக்கு 11 ரூபாய் 25 சதம். பணிக்கொடை வேறு: நாள்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். வருடம் 240 நாள் பேர் விழுந்தால் (வேலை செய்ததாகப் பதிவானால்) அது கிலோவுக்கு நாலு ரூபாய் சொச்சம். ஆக, விடுமுறைச் சம்பளத்தைச் சேர்க்காமலே 91 ரூபாய்க்குக் கிட்ட வருகிறது.

பங்கு மலையில் "கிலோவுக்கு நூறு ரூபாய் தருகிறோம்" என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அந்த நூறை 75ஓடு ஒப்பிடக் கூடாது, 91ஓடு ஒப்பிட வேண்டும். சேமலாப நிதியும் பணிக்கொடையும் இல்லாத நூறு ரூபாய், பார்வைக்கு 25 ரூபாய் கூடுதல், உண்மையில் 9 ரூபாய் கூடுதல். அந்த ஒன்பதுக்குள்தான் புல்லு வெட்டும் கூலியும் அடங்க வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். சிறுதோட்டக்காரருக்குக் கொழுந்து விலை போடும் முறையில், ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுப்பவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. தேயிலைத்தூள் கிலோ 1,100 ரூபாய் போகிறது என்று வைத்தால், நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் 21.5 கிலோ தூள் என்ற கணக்கில், ஒரு கிலோ கொழுந்தின் விலை ஏறக்குறைய 161 ரூபாய். அதில் பறிகூலி போக மிஞ்சுவதில்தான் உரம், கவ்வாத்து (செடியைத் தாழ வெட்டிவிடுவது), கான் வெட்டு (வடிகால் வெட்டுவது), மருந்து, லொறி எல்லாம். பங்கு முறையில் பேரம் பேச வேண்டிய இடம் இந்த 161க்கும் 91க்கும் நடுவில் இருக்கிறது. நிர்வாகம் எந்தச் செலவை ஏற்கிறது, குடும்பம் எதை ஏற்கிறது என்று தனித்தனியாக எழுதாமல் ஒரே விலையாகப் பேசுவது ஆபத்து.

நாள்பேர்: பழசு, ஆனால் பாதுகாப்பு

நாள்பேரைப் பழமை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து தொடரும் பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) ஒழுங்கின் மிச்சம் என்பார்கள். ஆனால் மழையில் மலை ஏற முடியாத நாளையும், கவ்வாத்து மலையையும், உரம் பிந்துவதையும் சம்பளக்காரர் தலையில் முழுதாகச் சுமத்தாத ஒரே முறை இதுதான். பிரசவச் சகாயம், சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாம் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) விழும் பேரோடு கட்டப்பட்டவை.

இது எங்கே உடைகிறது? நோர்மில். ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் திம்புள்ளப் பக்கம் கொழுந்து குறையும்போது நோர்மைக் குறைக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். சித்திரை, வைகாசியில் கொழுந்து பொங்கும்போது நோர்மை உயர்த்துவதில் எவரும் தாமதிப்பதில்லை, குறைப்பதில் மட்டும் ஆயிரம் யோசனை. இந்த முறையைச் சீர்திருத்த நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, நோர்மைத் தோட்டத்துக்கு ஒன்றாக வைக்காமல் மலைக்கு ஒன்றாக வைப்பது. கவ்வாத்துக்குப் பின் எத்தனையாவது வருடம், எத்தனை நாளுக்கொரு பறிப்புச் சுற்று, விதைத் தேயிலையா, துண்டுக்குச்சியிலிருந்து வளர்த்த வீபீ தேயிலையா என்ற மூன்றையும் பார்த்து மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் போட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். செலவும் இல்லை.

அடுத்தது தராசு. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு, மூன்று கிலோ கழிப்பது பல இடங்களில் நடக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, நிறுவைக்கு இரண்டு கிலோ என்றால் ஆறு கிலோ. 18 கிலோ நோர்மில் அது மூன்றில் ஒன்று. மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருப்பது உண்மைதான், அதற்காக வெயில் நாளிலும் அதே கழிவைப் போடுவது கணக்கல்ல. சாக்கின் எடையை ஒருமுறை நிறுத்து எழுதிவிட வேண்டும். ஈரக் கழிவு மழை நாளுக்கு மட்டும், வீதமாக. நிறுத்தவுடன் கையில் சீட்டு. இதைச் சரிசெய்யாத தோட்டத்தில் வேறு எந்தப் புதிய முறையும் எடுபடாது, ஏனென்றால் பங்கு மலையிலும் கத்தரி அணியிலும் வருமானம் முழுக்க அந்தத் தராசிலேயே நிற்கும்.

பங்கு மலை: எத்தனை செடி கொடுக்கிறார்கள்?

கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஏக்கருக்கு 5,000 செடி, ஹெக்டேயருக்கு வருடம் 1,500 கிலோ தூள் என்று ஓரளவு நல்ல மலையை வைத்துப் பார்ப்போம். அரை ஏக்கர், அதாவது 2,500 செடி கொடுத்தால் வருடம் 300 கிலோ தூளுக்கான கொழுந்து வரும். பச்சையில் 1,400 கிலோ. கிலோ 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,40,000, மாதத்துக்கு 12,000கூட இல்லை. மாதம் 20 நாள் பேர் போட்டால் 27,000 வருகிறது. அந்த 27,000ஐ எட்ட ஒரு ஆளுக்கு வருடம் 3,240 கிலோ கொழுந்து வேண்டும். அதற்கு ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம், 5,700 செடி. காணிப் பத்திரம் கிடைத்ததுபோல் சந்தோஷப்பட்டு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு செடிக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த அளவு நிலம் கிடைத்தால் இந்த முறைக்கு உண்மையான பலன் உண்டு. 3,240 கிலோவை நாளுக்கு 18 கிலோ வீதம் பறித்தாலும் 180 நாள்தான். மிச்ச நாள் புல்லுக்கும், வீட்டுத் தோட்டத்துக்கும், வெளிவேலைக்கும். பறிக்கும் நேரத்தைக் குடும்பமே தீர்மானிக்கலாம். ஏழு, எட்டு நாள் சுற்றைத் தவறாமல் பிடித்தால் கொழுந்து முத்தாது, பஞ்சி (வளராமல் நின்றுவிட்ட மொட்டு) குறையும், மட்டம் (செடியின் பறிப்பு உயரம்) ஒழுங்காக இருக்கும். தன் துண்டில் வெற்றிடம் விழுந்த இடத்தில் கன்று வைக்கவும் மனம் வரும்.

இனி, கொழுந்து இல்லாத மாதம். மேட்டுநிலத் தேயிலைக்கு நான்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து. வெட்டிய பின் மூன்று, நான்கு மாதம் பறிப்பு இல்லை. அதற்குப் பின்னும் மட்டம் கட்டும்வரை சொற்பம்தான். நாள்பேர் ஆளை வேறு மலைக்கு அனுப்புவார்கள். பங்கு மலைக்காரர் எங்கே போவார்? ஒப்பந்தங்களில் அதிகம் விட்டுப்போவது இந்த ஒரு பந்திதான். தீர்வு இரண்டு உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரே இடத்தில் முழு நிலத்தையும் கொடுக்காமல், கவ்வாத்து வருடம் வேறுபட்ட இரண்டு மலைகளில் பாதி பாதியாகக் கொடுப்பது. அல்லது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒதுக்கி, கவ்வாத்து மாதங்களில் திருப்பிக் கொடுப்பது. முதலாவதே நல்லது. ஒதுக்கிய காசு யார் கையில் இருக்கிறது என்ற தகராறு இரண்டாவதில் வரும்.

உரமும் அப்படித்தான். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள், அந்த வருடம் முடியுமுன்பே கைவிட்டார்கள். அதற்குள் பல மலைகள் பழுத்து நின்றன. அப்படியொரு வருடத்தில் நாள்பேர்காரருக்கு நோர்ம் பிரச்சினை வரும், பங்கு மலைக்காரருக்கு வருமானமே சரியும். ஆகவே உரம் கொடுப்பது நிர்வாகம் என்றால், எந்த மாதத்துக்குள், செடிக்கு எத்தனை கிராம், பிந்தினால் என்ன ஈடு என்று எழுத வேண்டும். பருவமழைக் காலக் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிப்பதும் அதே பட்டியலில் சேர வேண்டும். பக்கத்துத் துண்டுக்காரர் அடிக்காவிட்டால் இவர் அடித்தும் பாதிப் பயன்தான் என்பதால் மருந்தை நிர்வாகமே மலை முழுக்க அடிப்பது புத்தி.

இன்னொரு கண்ணி: துண்டு குடும்பத் தலைவர் பெயரில் எழுதப்படுகிறது, பறிப்பது மனைவி. செக்ரோலில் இதுவரை அவர் பெயருக்கு விழுந்த பேரும் சேமலாப நிதியும் இதனால் கணவன் கணக்குக்குப் போய்விடும். துண்டு இருவர் பெயரிலும் இருக்கட்டும், காசு பறிப்பவர் வங்கிக் கணக்கில் விழட்டும்.

கத்தரியும் மெஷினும்

ஆள் தட்டுப்பாடு முற்றிய தோட்டத்துக்கு வேறு வழி குறைவு. தட்டு வைத்த கைக்கத்தரியால் ஒருவர் கைப்பறிப்பைப்போல் இரண்டு, மூன்று மடங்கு எடுக்கலாம். இருவர் பிடிக்கும் பெட்ரோல் மெஷின் அதைவிடப் பல மடங்கு. ஆனால் எல்லா மலைக்கும் இது ஆகாது. மட்டம் பலகைபோல் இருக்கும் வீபீ மலை வேண்டும், சரிவு மெதுவாக வேண்டும். கல்லும் வெற்றிடமும் நிறைந்த பழைய விதைத் தேயிலை மலையில் மெஷின் ஒரு செடியின் தலையை மொட்டையடித்து அடுத்த செடியைத் தொடாமலே போகும். செங்குத்தான இடத்தில் இருவர் ஒரே சீராக நடக்கவே முடியாது.

கத்தரி, முத்தல் இலை, கொழுந்து, காம்பு எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டும். காம்பும் முத்தலும் கூடினால் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) பிரித்தெடுக்கும் வேலை கூடும், ஏல விலை இறங்கும். அதனால் திம்புள்ளவில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரையும், நல்ல வாசம் வரும் பருவத்தில் கத்தரியைத் தூக்கி வைத்துவிடுவதே லாபம். அந்த மாதங்களில் வறட்சியும் சேர்ந்து வருவதால் செடிக்கும் அது நல்லது. பொங்கும் மாதங்களில் ஆள் போதாமல் கொழுந்து முத்தி வீணாகும்போது கத்தரி கை கொடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வெட்டு மட்டத்தைச் சற்றே உயர்த்தாவிட்டால் பராமரிப்பு இலை குறைந்து செடி இளைக்கும்.

பராமரிப்பிலும் சின்னத் தவறுகள்தான் பெரிய செலவு. அலகு மழுங்கினால் வெட்டு கிழிசலாகி, கொழுந்து கூடையிலேயே சிவக்கும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் கலக்காமல் பெட்ரோல் மட்டும் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கலவை அளவை மெஷின் மேலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். உதிரி அலகு ஒரு சோடி எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

கொழுந்து இல்லாத மாதம் இங்கே யார் தலையில்? மெஷின் வந்தபின் தேவைப்படாத பெண்கள் தலையில். மெஷின் அணியை ஆண்களே பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பாரத்தைக் காரணம் சொல்வார்கள். கைக்கத்தரிக்கு அந்தக் காரணமும் பொருந்தாது.

எங்கே எதை வைப்பது

தோட்டம் முழுவதையும் ஒரே முறைக்கு மாற்றுவதுதான் பெரிய பிழை. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கிட்ட உள்ள, சுற்றுத் தவறாமல் பறிக்கக்கூடிய மலைகள் பங்குக்கு. தூரத்தில், மெதுவான சரிவில் உள்ள வீபீ மலைகள் பொங்கும் மாதங்களில் கத்தரிக்கு. செங்குத்தும், கவ்வாத்து மலையும், விதைத் தேயிலையும் நாள்பேருக்கு. வாரத்தில் மூன்று நாள் பேர், மிச்ச நாள் பங்கு மலை என்று கலப்பதும் உண்டு. பழகும் காலத்துக்கு அதுதான் தாங்கக்கூடிய வழி.

பரீட்சித்துப் பார்க்கும்போது நிர்வாகங்கள் கவ்வாத்துக்குப் பின் இரண்டாம் வருடத்தில் செழித்து நிற்கும் வீபீ மலையையே தெரிவுசெய்யும். அங்கே எந்த முறையும் ஜெயிக்கும். தொழிற்சங்கக் கமிட்டித் தலைவரும் மாதர் தலைவியும் கேட்க வேண்டியது: ஒரு இரண்டாம் வருட மலை, ஒரு நாலாம் வருட மலை, ஒரு விதைத் தேயிலை மலை, மூன்றையும் சேர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே மாதிரி மலை ஒன்றைப் பழைய முறையிலேயே விட்டு வை. ஒரு வறட்சிப் பருவமும் ஒரு பொங்கும் பருவமும் அடங்க, முழுசாகப் பன்னிரண்டு மாதம் பார். கிலோ, ஆள்நாள், கைக்கு வந்த காசு, நல்ல கொழுந்து வீதம் என்ற நாலையும் மாதாமாதம் பலகையில் எழுது.

ஒப்பந்தம் தமிழில் எழுதி மடுவத்தில் வாசிக்கப்பட வேண்டும். சேமலாப நிதி எதன் மேல் கணக்கிடப்படும், இதுவரையான சேவைக்காலம் தொடருமா, லயமும் பிள்ளைக் காம்பராவும் (பிள்ளை பராமரிக்கும் இடம்) இப்போதுபோலவே இருக்குமா என்ற மூன்றும் வாயால் சொல்லி முடியும் விஷயங்கள் அல்ல. பங்கு மலையில் ஒரு வருடம் பார்த்துப் பிடிக்காதவர் செக்ரோலுக்குத் திரும்ப எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் நட்ட கன்றுக்கும் போட்ட உரத்துக்கும் ஈடு என்ன என்பதையும் அதே தாளில் கேட்டு வாங்க வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.