தந்தையர் தின பார்பிக்யூ: கேஸா, கரியா, பூங்காத் தட்டா?

அமெரிக்காவிலும் இந்தியாவிலும் தந்தையர் தினம் ஜூன் மாத மூன்றாம் ஞாயிறு. ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் முதல் ஞாயிறு. சிட்னியில் ஜூன் என்றால் குளிர்காலம்; செப்டம்பரில் வசந்தம் எட்டிப் பார்க்கும், கொல்லையில் நாற்காலி போட்டு உட்காரலாம். ஆனால் மாலை ஐந்தே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் தந்தையர் தின பார்பிக்யூ, அதாவது வெளியில் அடுப்பு வைத்துச் சுட்டுச் சாப்பிடுவது, மதிய விருந்தாகத்தான் சரிப்படும்.

இந்த விருந்தில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பாவைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லி எல்லோரையும் அழைத்துவிட்டு, கடைசியில் இடுக்கியை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். "இன்றைக்காவது அவரை உட்கார விடுங்களேன்" என்று அம்மா ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார். ஆகவே அடுப்புகளை ருசியை வைத்து மட்டும் நான் ஒப்பிடப் போவதில்லை. எந்த அடுப்பு அப்பாவை எத்தனை நேரம் நாற்காலியில் இருக்க விடுகிறது என்பதும் கணக்கில் சேரும்.

முதலில் கேஸ். திருகினால் பற்றிக்கொள்ளும், பத்து நிமிடத்தில் கம்பி சூடேறிவிடும், தீயைக் கூட்டலாம் குறைக்கலாம். கரிப்புகை மணம் வராது என்பார்கள்; அது பாதி உண்மைதான். சுட்ட மணத்தில் பெரும்பங்கு, சொட்டும் கொழுப்பு சூடான பரப்பில் விழுந்து ஆவியாவதால் வருவது. அது கேஸிலும் நடக்கும். பத்து நிமிடத்தில் வெந்துவிடும் மெல்லிய சாசேஜில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசத்தை நான் கண்டதில்லை. எலும்போடு உள்ள கோழித்தொடையில்தான் கரி தன் வேலையைக் காட்டும்.

கேஸின் குறை வேறு. மூடியைத் திறந்து வைத்துச் சுடுவதே பலருக்குப் பழக்கம். கொழுப்பு சொட்டினால் தீ எழும்பும். அப்போது ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் கோழி பாதி வெந்த நிலையில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மைத்துனர் காரை எடுத்துக்கொண்டு ஓட, அப்பா அணைந்த அடுப்பின் முன் இடுக்கியோடு முக்கால் மணி நேரம் காவல் நின்றார். முந்தின நாளே சிலிண்டரின் பக்கவாட்டில் வெந்நீரை ஊற்றி மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். எந்த இடத்தில் சட்டென்று குளிர்கிறதோ, அதுவரைதான் கேஸ். கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியையும் பார்த்துவிடுங்கள். பத்து ஆண்டு கடந்திருந்தால் நிரப்பித் தரமாட்டார்கள்.

அடுத்து கரி. வேலை அதிகம் என்று எல்லோரும் ஒதுங்குவது இதிலிருந்துதான். என் அனுபவம் நேர்மாறு. மூடி போட்ட உருண்டை அடுப்பு 1952-இல் சிகாகோ பக்கம் பிறந்தது. வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவை செய்யும் அரைக்கோளத்தைக் கொண்டு அதைச் செய்தார். சூட்சுமம் அந்த மூடியில்தான் இருக்கிறது. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, கோழித்தொடைகளைக் கரியில்லாத மறுபக்கம் அடுக்கி மூடிவிட்டால், ஏறக்குறைய நாற்பது நிமிடத்துக்கு யாரும் அருகே போக வேண்டாம். கொழுப்பு தணலில் விழாது, தீயும் எழும்பாது. கடைசி ஐந்து நிமிடம் தணலுக்கு மேல் புரட்டி மொறுமொறுப்பாக்கிக்கொள்ளலாம். இனிப்பான சாஸ் எதையும் அப்போதுதான் தடவ வேண்டும். முன்பே தடவினால் கருகிக் கசக்கும்.

ஒரே நிபந்தனை, கரியைப் பற்றவைப்பவர் அப்பாவாக இருக்கக் கூடாது. விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிள்ளைகளில் ஒருவர் அதைச் செய்ய வேண்டும். தகரக் குழாயில் கரியை நிரப்பி அடியில் காகிதத்தைக் கொளுத்தினால் இருபது, முப்பது நிமிடத்தில் மேல்கரி சாம்பல் பூத்துவிடும். சாம்பல் பூக்காத கரியில் எதையும் வைக்காதீர்கள். மழை தூறுகிறது என்று அடுப்பை கராஜுக்குள் இழுப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. காட்டுத்தீ அபாயத்தால் வெளியில் தீ மூட்டக் கூடாது என்று முழுத் தீத்தடை அறிவித்த நாளில் கரியை மறந்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது, பூங்காவில் இருக்கும் மின்சாரத் தட்டு. பொத்தானை அழுத்தினால் சூடேறும், சிறிது நேரத்தில் தானே அணையும், மறுபடி அழுத்த வேண்டும். பல நகராட்சிப் பூங்காக்களில் கட்டணம் கிடையாது. பந்து விளையாட இடம் இருப்பதால் குழந்தைகளுக்கு இதுதான் சொர்க்கம். சுடும் கலைக்கு மட்டும் இது சொர்க்கமில்லை. தட்டை நிரப்பினால் சூடு இறங்கிவிடும். எலும்புள்ள கோழி இதில் வேகும் என்று நம்பி உட்காராதீர்கள். சாசேஜ், வட்டமாக நறுக்கிய வெங்காயம், ரொட்டித் துண்டு, இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. (வெங்காயம் சாசேஜுக்கு மேலா அடியிலா என்பது ஆஸ்திரேலியாவில் பெரிய வழக்கு. விழுந்த வெங்காயத்தில் யாரும் வழுக்கிவிடக் கூடாது என்று 2018-இல், வாசலில் சாசேஜ் சுட்டு விற்கப்படும் பன்னிங்ஸ் என்ற வீட்டுச் சாமான், கருவிக் கடைகள் அடியில் வைக்கச் சொன்னபோது செய்தித்தாள்கள் வரை போனது.) முன்னால் சுட்டவரின் கொழுப்பு தட்டில் இருக்கும், சுரண்டியும் காகிதத்துண்டும் நீங்களே கொண்டுபோக வேண்டும். சைவ உறவினருக்கு அலுமினியத் தாள் விரித்துத் தனி மூலை ஒதுக்குங்கள். வீட்டு அடுப்பென்றால் அவர்களுடைய பனீரும் கத்தரிக்காயும் சுத்தமான கம்பியில் முதலில் வெந்துவிட வேண்டும்.

பத்துப் பேருக்குள் என்றால், கொல்லையும் இருந்தால், நான் கரிக்குத்தான் போவேன். இருபது பேர், அதில் பாதி குழந்தைகள் என்றால் பூங்கா. மூன்றாவது மாடிக் குடியிருப்பு, தீத்தடை நாள், கடைசி நேரத் திட்டம் என்றால் கேஸ். ஆனால் மூடியை மூடி, ஒரு பக்கப் பர்னரை மட்டும் எரியவிட்டு, கரிக்குச் சொன்ன முறையில் சுடுங்கள். எந்த அடுப்பானாலும் கோழியின் தடித்த பகுதியில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 75 டிகிரி செல்சியஸ் காட்டினால் எடுக்கலாம்.

கரியில் எனக்குப் பிடித்தது எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வரும் நேரம். தணல் இன்னும் உயிரோடு இருக்கும். அப்பா நாற்காலியை அடுப்புப் பக்கம் நகர்த்திக்கொண்டு, உரித்த சோளக்கதிரை வைத்து, மெரினாவில் விசிறியால் வீசுவதுபோல் காகிதத்தட்டால் வீசிச் சுடுவார். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட எலுமிச்சை மூடியை பேத்திதான் தேய்க்க வேண்டும். சோளம் சுடும் வேலையை மட்டும் அப்பாவிடமிருந்து நாங்கள் பிடுங்குவதில்லை.