ஈரோட்டு வெயிலுக்கு ஏர் கூலரா, ஏசியா?

பங்குனி பாதியிலேயே எங்கள் தார்சு வீடு கொதிக்க ஆரம்பித்துவிடும், மேற்குச் சுவரில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கை வைத்தாலும் சுடும். அப்போதுதான் சொந்தத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: கூலர் போதுமா, ஏசியே போட்டுவிடலாமா? விலையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஊர்க் காற்றைப் பாருங்கள் என்பேன்.

இரண்டிலும் நடக்கிற வேலை ஒன்றுதான். திரவம் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும், கரண்டுக் கணக்கில் அது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கூலர் அதைக் காற்றிடமே வாங்கிக்கொள்கிறது, நமக்கு ஃபேனும் சின்ன பம்பும் ஓடுகிற செலவு மட்டும்தான். ஆனால் அந்த ஆவி அறைக்குள்தான் வந்து சேரும், அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே கசகசத்துவிடும்.

ஏசியில் குழாய்க்குள் அடைபட்டிருக்கிற வாயுதான் இந்த வேலையைச் செய்கிறது. இப்போது பல மெஷின்களில் இருக்கிற ஆர்-32, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதிக்கும். உள்ளே ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வெளிப்பெட்டியில் மறுபடி திரவமாகும்போது அதை வெளியே கொட்டிவிடும். அப்படி ஆக வேண்டுமென்றால் அதை அழுத்தியாக வேண்டும், அந்தக் கம்ப்ரஸருக்குத்தான் பெரும்பங்கு கரண்டு போகிறது. டன் என்று சொல்வதும் ஐஸ் காலத்துக் கணக்கு: சுமார் 907 கிலோ ஐஸை ஒரு நாளில் உருக்கும் வெப்பம்தான் ஒரு டன், மூன்றரை கிலோவாட்.

சரி, எது வாங்குவது? தெர்மாமீட்டர் முனையில் ஈரத்துணியைச் சுற்றி ஃபேன் காற்றில் ஐந்து நிமிஷம் வையுங்கள். எங்கள் வீட்டில் சித்திரை மத்தியானம் வெறுமனே 39 காட்டியது, ஈரத்துணியோடு 26. கூலரிலும் இதே ஈரத்துணி வேலைதான், தண்ணீரில் நனைந்த பேட் என்கிற அட்டை வழியாகக் காற்று வரும். அந்த 13 டிகிரி இடைவெளியில் நல்ல பேட் முக்கால் பங்கைப் பிடித்துவிடும், அதாவது 29 அல்லது 30 டிகிரிக் காற்று வரும். ஈரோடு, கரூர்ப் பக்கத்து வறண்ட வெயிலுக்கு, ஜன்னல் திறந்த ஹாலுக்கு, கூலரைத்தான் சொல்வேன்.

பொள்ளாச்சியில் அத்தை அதே மாடலை வாங்கிவிட்டு, "ஏன் கண்ணு, இது வெறும் ஃபேனாட்டத்தானே இருக்குது" என்று போன் செய்தார். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு, தோப்புக்கு அன்றைக்குத்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். அங்கே அளந்தபோது 33, ஈரத்துணியோடு 29, அவ்வளவுதான் இடைவெளி. மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை, காற்றில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கும்போது இன்னும் எவ்வளவு ஆவியாகும்? ஐப்பசி மழையில் எங்கள் கூலரும் இதே கதிதான். ஏசி அப்படியில்லை, காற்றின் ஈரத்தையே தண்ணீராக்கி வெளியே சொட்டவிடும்.

கூலரில் எனக்கு இருக்கிற ஒரே சடைவு போர்த் தண்ணீர். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு பேடிலேயே தங்கிவிடும். இரண்டு மாதத்தில் தேன்கூடு பேடின் ஓட்டையெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து, நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஆற்றுத் தண்ணீர் வருகிற அன்றைக்கு ஒரு டிரம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், டேங்கில் மிஞ்சியதை வாரம் ஒருமுறை கீழே கொட்டிவிடுங்கள்.

அத்தைக்குப் படுக்கை அறையில் ஒரு டன் ஏசியே போடச் சொல்லிவிட்டேன். கூலர் இங்கே வந்துவிட்டது, தறிக் கொட்டகை வாசலில் ஓடுகிறது.